காளை, கழுதை, குஞ்சு: மனிதரை விலங்கின் பெயரால் அழைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் கடல் கடந்த உறவு இல்லாத வீடு அரிது. நல்லூர்த் திருவிழாவுக்கென்று ஊர் வரும் பேரப்பிள்ளைகள் பிரெஞ்சு, ஜெர்மன், நோர்வேஜியம், ஆங்கிலம் என்று ஆளுக்கொரு மொழியோடு வந்து இறங்குகிறார்கள். அம்மம்மா ஆசையாகக் "குரங்கே" என்கிறார். பிள்ளை முகம் சுருங்கி நிற்கிறது. பாரிஸில் வளர்ந்த அண்ணன் தன் தங்கையைப் பிரெஞ்சில் "என் தெள்ளுப்பூச்சி" என்று கொஞ்சுகிறான். பொருள் கேட்டறிந்த அம்மம்மா திடுக்கிடுகிறார். தமிழ் கற்பிப்பவன் என்பதால் இந்தச் சிக்கல்களெல்லாம் கேள்விகளாக என்னிடம் வந்து சேர்கின்றன. அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மனிதனை மாடு, நரி என்று சொல்வது வெறும் தெருப்பேச்சுத்தானே? இலக்கணம் இதை ஏற்குமா?

தாராளமாக ஏற்கும். பள்ளிக்கூடத்தில் ஆகுபெயர் படித்தபோது "காளை வந்தான்" என்ற எடுத்துக்காட்டைப் பார்த்திருப்பீர்கள். வந்தது மாடன்று, இளைஞன். காளையின் பெயர் அதைப் போன்ற ஒருவனுக்கு ஆகி வருவதால் அது உவமையாகுபெயர். திருக்குறளும் மானமுள்ளவனின் நடையை "ஏறுபோல் பீடு நடை" என்கிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது நன்னூலின் இன்னொரு விதி. தமிழில் மனிதர் உயர்திணை, விலங்குகள் அஃறிணை. இரண்டையும் கலந்து பேசினால் திணைவழு, அதாவது பிழை. ஆனால் சில வேளைகளில் அந்தப் பிழையைப் பிழையாகக் கொள்ளக்கூடாது என்று பவணந்தியார் சொல்கிறார்: "உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே." மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு ஆகிய ஐந்தில் ஒன்று காரணமாக இருந்தால் திணை மாறலாம். தன் பசுவைப் பார்த்து ஒருவர் "என் அம்மை வந்தாள்" என்று சொல்வதை உரைகாரர்கள் உவப்புக்கு எடுத்துக்காட்டாகத் தருகிறார்கள்.

13ஆம் நூற்றாண்டு நூல் ஒன்று இதை எவ்வளவு நுட்பமாகப் பிடித்திருக்கிறது பாருங்கள். திணை மாறுவதற்கான காரணத்தைப் பேசுபவரின் மனத்தில் தேடு என்கிறது. கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஐந்து காரணங்களில் எது என்று பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

என் பாட்டி என்னைக் "குஞ்சு" என்று கூப்பிடுகிறார். சென்னை நண்பர்கள் கேட்டுச் சிரிக்கிறார்கள். ஏன்?

தமிழ்நாட்டில் சிறுவர் பேச்சில் அந்தச் சொல் ஆண்குழந்தையின் உறுப்பைக் குறிக்கும். அதனால் அங்கே சிரிப்பு வருகிறது. நமக்கு அது சிறியது, இளையது என்ற பொருளைத் தாங்கிய அன்புச் சொல். உறவுமுறைக்குள்ளேயே அது குடியேறியிருக்கிறது. தகப்பனை "அப்பு" என்றும் தாயை "ஆச்சி" என்றும் அழைத்த தலைமுறை, சித்தப்பாவைக் "குஞ்சியப்பு" என்றும் சின்னம்மாவைக் "குஞ்சாச்சி", "குஞ்சம்மா" என்றும் அழைத்தது. நரைத்த மீசையோடு திண்ணையில் இருந்த மனிதரைக் "குஞ்சியப்பு" என்று கூப்பிட்டபோது யாருக்கும் கோழிக்குஞ்சு நினைவுக்கு வரவில்லை. இன்று அந்த உறவுப் பெயர்கள் குறைந்து "சித்தப்பா", "சித்தி" பெருகிவிட்டன. எனக்கு அதில் வருத்தம் உண்டு. தனியாகக் "குஞ்சு" மட்டும் இன்னும் பிழைத்திருக்கிறது. சென்னைக்காரருக்காக அதை விட்டுவிடாதீர்கள்.

சின்னஞ்சிறு உயிர்களின் பெயரால் பிள்ளைகளைக் கொஞ்சுவது பல மொழிகளுக்குப் பொது. பிரெஞ்சில் "மா ப்யூஸ்" என்றால் என் தெள்ளு. நாய் முதுகில் சொறிய வைக்கும் அதே பூச்சிதான். ஜெர்மனில் "மவுஸ்", சுண்டெலி. ரஷ்ய மொழியில் "ஸாய்ச்சிக்", குட்டி முயல். உருவம் சிறியது என்பது ஒன்றே போதும், பூச்சியாக இருந்தாலும் பரவாயில்லை.

வெளிநாட்டில் பிறந்த பேரனைக் "குரங்கே" என்று செல்லமாகக் கூப்பிடலாமா?

வீட்டுக்குள், அவனுக்குப் பொருள் விளங்கும்படி சொல்லிவிட்டு, கூப்பிடலாம். நமது பேச்சில் குரங்கு என்றால் ஓரிடத்தில் இருக்காத, கைக்கு எட்டியதையெல்லாம் பிரித்துப் பார்க்கிற குறும்புக்காரன். அதில் கொஞ்சல்தான் மிகுதி.

ஆனால் அந்தப் பிள்ளை வளரும் ஊரில் அதே சொல்லுக்கு வேறு வரலாறு இருக்கிறது. கறுத்த தோல் உடையவர்களை மனிதருக்குக் கீழானவர்களாகக் காட்டுவதற்கு ஐரோப்பாவில் நெடுங்காலம் பயன்பட்ட சொல் அது. இன்றைக்கும் உதைபந்தாட்ட மைதானங்களில் கறுப்பின வீரர்களைப் பார்த்துக் குரங்கு போல ஓசை எழுப்பும் கூட்டம் உண்டு. அதற்காகக் கழகங்கள் தண்டிக்கப்பட்டிருக்கின்றன. நம் பிள்ளைகளின் நிறமும் அங்கே கவனிக்கப்படும் நிறம். பள்ளி முற்றத்தில் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு, அம்மம்மா வாயிலிருந்து வரும்போது மட்டும் அது இனிக்குமா? அவன் முகம் சுருங்கினால் அது செல்லம் கொடுத்துக் கெட்ட பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். "ராசா", "அப்பன்", "குஞ்சு" என்று நமக்குச் செல்லச் சொற்களுக்குப் பஞ்சமா?

கழுதை என்றால் எல்லா மொழியிலும் முட்டாள்தானா?

பெரும்பாலும் ஆம். அரபியில் "ஹிமார்", ஸ்பானிய மொழியில் "பூர்ரோ", சிங்களத்தில் "பூருவா", எல்லாம் கழுதை, எல்லாம் முட்டாள். சிங்களச் சொல் போர்த்துக்கேயரின் "பூர்ரோ"விலிருந்து வந்தது. விலங்கின் பெயரோடு வசையும் கடன் வந்ததா என்பது வேறு விடயம். எந்த ஊரும் அதைச் சொந்தமாகவே கண்டுபிடித்திருக்கும்.

தமிழில் கழுதையின் இழிவு மிகப் பழையது. பகைவரின் கோட்டையை அழித்து, வெள்ளை வாய்க் கழுதைகளைப் பூட்டி உழுது பாழாக்கிய பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியைப் புறநானூற்றின் 15ஆம் பாட்டுப் பாடுகிறது. நிலத்தைக் கழுதை கொண்டு உழுவதே அவமானம் என்று கருதப்பட்டது.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலர் கழுதையை நேரில் பார்ப்பது மன்னாருக்குப் போகும்போதுதான். அங்கே தெருவில் தாமாகத் திரியும். பார்த்தால் அதன் முகத்தில் முட்டாள்தனம் எதுவும் தெரியாது. ஆபத்தென்று பட்டால் கழுதை நின்றுவிடும், அடித்தாலும் நகராது. குதிரையைப் போல வெருண்டு ஓடாமல், நின்று நிலைமையை அறிந்துகொண்டு அடியெடுத்து வைப்பது அதன் இயல்பு. சுமை ஏற்றிய மனிதனுக்கு அது பிடிவாதமாகவும் மூடத்தனமாகவும் தெரிந்தது.

ஆந்தை அறிவாளியா, அறிவிலியா?

ஏதென்சில் அறிவுத் தெய்வமான அதீனாவின் பறவை. அந்நகர வெள்ளிக் காசுகளிலும் அதுவே பொறிக்கப்பட்டது. ஆங்கிலேயருக்கு இன்றும் ஆந்தை அறிவின் அடையாளம். இந்தியில் "உல்லூ" என்றால் சுத்த முட்டாள். நமக்கு அலறல் கேட்டால் கெட்ட சகுனம், ஆளைச் சொன்னால் திருதிருவென்று விழிப்பவன். வள்ளுவர் இதில் நடுநிலைமையானவர்: பகலில் காக்கை கூகையை வெல்லும் என்கிறார். காலமும் இடமும் மாறினால் கூகை தோற்காது என்பது அதற்குள் இருக்கிறது.

"நாய்" என்ற சொல்தான் எல்லாவற்றிலும் கொடிய திட்டா?

நம் ஊரில் கைகலப்பு வரை கொண்டுபோகும் சொற்களில் அது ஒன்று. சிங்களத்தில் "பல்லா"வும் மலையாளத்தில் "பட்டி"யும் அதே கனம் உள்ளவை. வீட்டு வாசலில் படுத்து நம்மைக் காக்கும் விலங்கின் பெயர் எப்படி இவ்வளவு கீழே போயிற்று? எச்சில் இலை, தெருச் சண்டை, எறிந்ததைத் தின்னும் பசி ஆகியவை அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டன. விசுவாசத்தைப் பாராட்டும்போதுகூட "நாய் போல நன்றியுள்ளவன்" என்று உவமையாகச் சொல்வோமே தவிர, யாரையும் நேரே "நாய்" என்று புகழ மாட்டோம்.

அப்படிப்பட்ட சொல்லைத்தான் நாள்தோறும் நாமே நம்மைக் குறித்துப் பாடுகிறோம். சைவ வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் காலையில் கேட்கும் சிவபுராணத்தில் மாணிக்கவாசகர், "நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்குத் தாயிற் சிறந்த தயாவான தத்துவனே" என்கிறார். பிறர் சொன்னால் பொறுக்க முடியாத இழிவை அவர் தாமே எடுத்துப் பூண்டுகொள்கிறார். நாய் என்று அவ்வளவு தாழ இறங்கிய அடுத்த அடியிலேயே தாய் என்ற சொல் வந்து தூக்கி எடுக்கிறது. எதுகைக்காக மட்டும் அமைந்த அடிகள் என்று இவற்றை யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திருவாசகம் முழுவதும் "நாயேன்", "நாயினேன்" என்று அவர் தம்மைச் சொல்லிக்கொண்டே போகிறார். அங்கே அந்தச் சொல்லில் ஒரு துளி வசையும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. நம் ஊர்களில் ஒழுங்கைக்கு ஒழுங்கை வைரவர் கோவில் இருக்கிறது. அவருடைய வாகனம் நாய்தான்.

காகம்?

ஜெர்மனியில் வாழும் தமிழ்த் தாய்மார் "ராபன்முட்டர்" என்ற சொல்லைக் கேட்டிருப்பார்கள். நேர்ப்பொருள் அண்டங்காக்கைத் தாய். பிள்ளையைக் கவனியாத தாய் என்பது வசை. கைக்குழந்தையை விட்டு வேலைக்குப் போகும் பெண்களின் மேல் அதிகம் வீசப்பட்டது. நமக்கோ தாய்ப்பாசத்துக்கே காக்கைதான் உவமை: "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு." உணவைக் கண்டால் மறைக்காமல் இனத்தை அழைத்து உண்ணும் என்று வள்ளுவர் போற்றியதும் காக்கையைத்தான். உண்மையில் அண்டங்காக்கைகள் தம் குஞ்சுகளை நன்றாகவே பேணுகின்றன. ஜெர்மன் மொழி அந்தப் பறவைக்கும் பெண்களுக்கும் சேர்த்தே அநீதி செய்திருக்கிறது.

ரஷ்ய மொழியில் "வெள்ளைக் காகம்" என்றால் கூட்டத்தோடு ஒட்டாத தனிப்போக்கு உடையவர். ஆங்கிலத்தின் "கறுப்பு ஆடு" குடும்பத்துக்குப் பேர் கெடுத்த பிள்ளை. நம் பத்திரிகைகள் அந்தக் கறுப்பு ஆட்டை எடுத்து, உள்ளிருந்தே காட்டிக்கொடுப்பவன் என்ற பொருளில் எழுதுகின்றன.

பன்றி எங்காவது நல்ல பெயர் வாங்கியிருக்கிறதா?

வாங்கியிருக்கிறது. ஜெர்மனில் "பன்றி வைத்திருந்தான்" என்றால் அவனுக்கு நல்ல காலம் என்று பொருள். நோர்வேயில் அதிர்ஷ்டசாலியை "ஹெல்டிக்கிரிஸ்", அதிர்ஷ்டப் பன்றி, என்பார்கள். ஒஸ்லோவில் யாராவது சிரித்துக்கொண்டே அப்படிச் சொன்னால் கோபிக்காதீர்கள்; வாழ்த்துகிறார்கள்.

பயந்தவனுக்கு எந்த விலங்கு?

ஆங்கிலத்தில் கோழி, ஜெர்மனில் முயல், பிரெஞ்சில் நனைந்த பேட்டுக்கோழி. தமிழில் "பயந்தாங்கொள்ளி", "தொடைநடுங்கி" என்று ஆளையே சொல்லிவிடுகிறோம். விலங்கைத் துணைக்கு அழைக்கவில்லை.

வகுப்பில் ஆசிரியர் "எருமை" என்று திட்டினார். நன்னூலே மாணவரை எருமை என்கிறதே, அப்படியானால் அது சரிதானே?

நன்னூலைக் காட்டித் திட்டை நியாயப்படுத்துபவர்களை நானும் கண்டிருக்கிறேன். பாட்டைப் பார்ப்போம்: "அன்னம் ஆவே மண்ணொடு கிளியே இல்லிக் குடம்ஆடு எருமை நெய்யரி அன்னர் தலைஇடை கடைமா ணாக்கர்." பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னமும், மேய்ந்ததைப் படுத்திருந்து அசைபோடும் பசுவும் முதல் மாணாக்கருக்கு உவமை. உழைத்த அளவுக்கு விளைவு தரும் மண்ணும், சொல்லிக் கொடுத்ததை மட்டும் சொல்லும் கிளியும் இடைப்பட்டவருக்கு. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யை வடிகட்டும் நெய்யரி ஆகிய நான்கும் கடைசி வகைக்கு.

ஆடு ஏன் கடைசியில் வந்தது? வளவில் கட்டியிருக்கும் ஆட்டுக்குப் பூவரசங்குழையும் கிளுவங்குழையும் முள்முருக்கங்குழையும் ஒடித்துக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். பூவரசில் இரண்டு இலையைக் கடிக்கும். கடித்ததை மென்று முடிக்குமுன் கழுத்தை நீட்டி முள்முருக்கின் நுனியைக் கொய்யும். பிறகு கயிறு எட்டும் மட்டும் போய், வேலியில் காயப் போட்ட துணியின் கரையை இழுக்கும். பொழுது சாயும்போது மூன்று கொப்பிலும் பாதிக் குழை அப்படியே கிடக்கும். ஒரு நூலையும் முழுதாகப் படிக்காமல் அங்கொரு பக்கம் இங்கொரு பக்கம் புரட்டும் மாணவனை இதைவிடச் சரியாக யார் காட்ட முடியும்? எருமை குளத்தில் இறங்கிக் கலக்கிவிட்டுக் கலங்கிய நீரைக் குடிக்கும். ஆசிரியரை வருத்திக் கலக்கிப் பாடம் கேட்பவனுக்கு அது உவமை.

இங்கே கவனிக்க வேண்டியது "அன்னர்" என்ற சொல். இவற்றைப் போன்றவர் என்றுதான் நூல் சொல்கிறது. கற்கும் முறைகளை வகைப்படுத்துகிறது. யார் எப்படிக் கற்கிறார் என்று ஆசிரியர் அறிந்துகொள்வதற்கான பாட்டு அது. முகத்துக்கு நேரே எறிவதற்கு அதில் அனுமதி இல்லை. நல்லூர் ஆறுமுக நாவலர் நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதியது இளம் மாணவர்கள் எளிதாகக் கற்க வேண்டும் என்பதற்காக. அந்த நூலையே மாணவனை இழிவுபடுத்தும் கருவியாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை. வகுப்பறையில் "எருமை" என்று கேட்ட பிள்ளை, கணக்கை மறந்தாலும் அந்தச் சொல்லை மறப்பதில்லை.

எருமைக்காகவும் ஒரு சொல். அதற்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு. வெயிலைத் தணிக்க நீரிலும் சேற்றிலும் கிடந்தே ஆக வேண்டும். அதைச் சோம்பல் என்று பெயரிட்டது நாம்.

இலங்கையில் புலி, சிங்கம் என்ற சொற்களை வெறும் உவமையாகப் பார்க்க முடியுமா?

முடியாது. இத்தீவின் காடுகளில் புலி இல்லை, சிங்கமும் இல்லை. சிறுத்தை மட்டுமே உண்டு. ஆனாலும் இரண்டு விலங்குகளும் கொடிகளிலும் மனங்களிலும் நிறைந்திருக்கின்றன. சிங்களவர் என்ற பெயரே சிங்கத்திலிருந்து வந்தது. தமிழில் புலி சோழரின் கொடி. வீரத்துக்குப் பழைய உவமை. மகன் எங்கே என்று கேட்டவளுக்கு, "புலி சேர்ந்து போகிய கல்அளை போல" என்று தன் வயிற்றைக் காட்டும் தாயைப் புறநானூறு 86இல் காவற்பெண்டு பாடியிருக்கிறார்.

போர்க் காலத்தில் அந்தச் சொல் இயக்கத்தின் பெயராக நின்றது. சிங்களத்தில் புலியைக் குறிக்கும் "கொட்டியா" என்ற சொல் ஆயுதம் ஏந்தியவரோடு நிற்கவில்லை. தெற்கில் வாழ்ந்த, பயணம் செய்த, தமிழ் பேசிய எந்தச் சாதாரண மனிதர் மேலும் அது விழக்கூடியதாக இருந்தது. மாணவரா, கடைக்காரரா, நோயாளியா என்று அது பார்க்கவில்லை. அந்தச் சொல்லுக்கு அஞ்சிப் பஸ்ஸில் தமிழில் பேசாமல் வந்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்.

ஒருவனை அவன் செயலுக்காக நரி என்பது ஒன்று. ஓர் இனம் முழுவதையும் ஒரு விலங்காக்குவது வேறு. 1994இல் ருவாண்டாவில் துட்சி மக்களை வானொலி "இன்யென்ஸி", கரப்பான்பூச்சி, என்று திரும்பத் திரும்பச் சொன்னது. நாஜிகள் யூதரை எலிகளாகக் காட்டினார்கள். பின்னால் நடந்ததை உலகம் அறியும். இழிப்பினால் திணை மயங்குவதை இலக்கணம் மன்னித்தாலும் இதை மன்னிக்க எந்த விதியும் இல்லை. நாம் பிற சமூகத்தவரைப் பற்றி வீட்டுக்குள் பேசும் பேச்சுக்கும் இது பொருந்தும்.

பெண்களுக்கு என்று தனி விலங்குகள் உண்டா?

உண்டு, அதில் நியாயம் குறைவு. ஸ்பானிய மொழியில் ஆண் நரி "ஸோர்ரோ" என்றால் கெட்டிக்காரன். பெண் நரி "ஸோர்ரா" என்றால் ஒழுக்கத்தைச் சொல்லும் கொடிய வசை. சீனத்தில் அதட்டும் மனைவி "தாய்ப்புலி". தமிழில் ஆணுக்குக் காளை, ஏறு, சிங்கம் என்று வலிமை. பெண்ணுக்கு மான், மயில், கிளி, குயில் என்று அழகு. பொறுத்துப் போக வேண்டிய இடத்தில் மட்டும் பசு. மலாய் மொழி ஆண்களையும் விட்டுவைக்கவில்லை: பெண்களை ஏமாற்றித் திரிபவனை அது "தரை முதலை" என்கிறது.

கட்டாக்காலி என்று ஆளைச் சொல்வது எங்கிருந்து வந்தது?

கட்டி வைக்காமல் தெருவில் திரியும் மாட்டையும் நாயையும் இலங்கைத் தமிழர் கட்டாக்காலி என்கிறோம். தோட்டத்துப் பயிரைக் கட்டாக்காலி மாடு மேய்ந்துவிட்டால் விவசாயிக்கு ஏற்படும் ஆத்திரம் அந்தச் சொல்லில் ஏறியிருக்கிறது. பொறுப்பில்லாமல் ஊர் சுற்றும் இளைஞனுக்கு அது வந்தது இயல்புதான்.

கட்சி மாறும் அரசியல்வாதிக்கு?

நமக்குப் பச்சோந்தி. மலேசியாவில் "காத்தாக்", தவளை. ஒரு கட்சியிலிருந்து மறு கட்சிக்குத் தாவுவதால். தவளைதான் பொருத்தம் என்பேன். பச்சோந்தி நிறம் மாறுவது பெரும்பாலும் சூட்டைச் சமாளிக்கவும் தன் இனத்தோடு பேசவும்.

நிறையப் படிக்கும் பிள்ளையைப் "புத்தகப் பூச்சி" என்பது பாராட்டா?

யாழ்ப்பாணத்தில் நிச்சயமாகப் பாராட்டு. ஜெர்மனியில் அவர் "வாசிப்பு எலி", பிரான்சில் "நூலக எலி", இந்தோனேசியாவில் "புத்தகப் பேன்". எல்லாம் நூலைத் தின்னும் அல்லது நூலில் ஒட்டிக்கொள்ளும் உயிர்கள். உண்மையான பூச்சி நமக்குச் செய்த கேடு கொஞ்சமன்று. ஏட்டுச்சுவடிகளைத் துளைக்கும் இராமபாணம் எழுத்துகளின்மேல் கலப்பை ஓட்டியது போல உழுது கிடந்ததைச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை தம் பதிப்புரையில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். அந்தப் பூச்சியை முந்திக்கொண்டு கலித்தொகையை அச்சேற்றியவர் அவர்.

இந்தச் சொற்களை மொழிபெயர்க்கும்போது என்ன செய்வது?

விலங்குக்கு விலங்கு வைக்காதீர்கள். "தெள்ளு" என்ற பிரெஞ்சுக் கொஞ்சலுக்குக் "குஞ்சு" என்று எழுதுங்கள். சீனத்தில் "மஞ்சள் மாடு" என்றால் டிக்கெட்டுகளை மொத்தமாக வாங்கிக் கூடிய விலைக்கு விற்பவன். தமிழில் மாட்டைக் கொண்டுவந்தால் வாசகர் மேய்ச்சல் நிலத்தைத் தேடுவார். ஐந்து காரணங்களில் எது பேசியவரின் மனத்தில் இருந்தது என்று முதலில் பாருங்கள். பிறகு அதே சூடுள்ள தமிழ்ச் சொல்லைத் தேடுங்கள்.

நீதிமன்றத்திலோ பொலிஸ் வாக்குமூலத்திலோ உறவினருக்காக மொழிபெயர்க்க நேர்ந்தால் மட்டும் வேறு வழி. அங்கே சொன்ன சொல்லே சான்று. "நாய்" என்று சொன்னாரென்றால் நாய் என்றே பெயர்த்துவிட்டு, தமிழில் அது எவ்வளவு கனமான சொல், யார் யாரிடம் எந்த உறவில் சொன்னார் என்பதைத் தனியாக விளக்க அனுமதி கேளுங்கள்.